டோபியாஸ் ஆட்டை வரைந்த கை

அறச்சினம் ஒரு நற்பண்பு. பொறுமையைப் பாடியோர் பலர். அடக்கத்தை அணிகலன் என்றோர் அவரினும் பலர். ஆயினும் தன் நெஞ்சில் பிறந்ததைப் பிறனொருவன் தன் பிள்ளையென்று ஊரறியத் தூக்கிக் கொஞ்சுகையில் புன்முறுவலோடு நிற்பவனிடம் இருப்பது பொறுமையன்று; அந்த அளவு பொறுமை கல்லுக்கும் உண்டு. கொதிக்க வேண்டிய இடத்தில் கொதித்தல் வேண்டும். கொதித்தது தகாதவர்மேல் சிந்திவிட்டதெனத் தெரிந்தால் அதற்கும் முன்வந்து நிற்றல் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்தவனும், வாய்த்தமையாலேயே பெயரின்றிப் போனவனும் ஆகிய ஒருவன் எங்கள் கிழக்கு ஏழாம் தெருவில் வாழ்ந்தான். ஓரெஸ்ட் பலிவோடா என்பது அவன் பெயர்.

அவன் வரைந்தவை விலங்குகள் பேசும் சிரிப்புக்கதைகள். கரடி கஞ்சியைத் தீய்த்துவிட்டு அடுப்பைத் திட்டும். முயல் தொப்பி வைத்துக்கொண்டு வங்கிக்குப் போகும். எவருக்கும் கையில் நான்கே விரல், எவருக்கும் கால்சட்டை கிடையாது. நியூயார்க்கின் மேற்குப் பகுதியில், தொப்பிகளுக்கு உள்துணி தைக்கும் பட்டறைக்கு மேலே, நான்காம் மாடியில் இருந்த சித்திரக்கூடம் ஒன்றில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டு அவன் வேலைக்கு அமர்ந்தான். கூடத்தின் முதலாளி வின்ஸ்லோ ஹாட்ச். கூடத்திலிருந்து வெளியேறும் கதை எதுவாயினும், வரைந்தவன் எவனாயினும், தலைப்பின் கீழே கொட்டை எழுத்தில் நிற்கும் பெயர் ஒன்றே: வின் ஹாட்ச். அந்த வின் ஹாட்சுக்கு ஆட்டின் குளம்பு வரைய வராது. அவன் வரைந்தால் அது உருளைக்கிழங்கில் குத்திய முள்கரண்டிபோல் இருக்கும்.

டோபியாஸ் என்னும் ஆடு ஓரெஸ்டின் படைப்பு. டோபியாஸ் காட்டுக்குத் தபால்காரன். தோளில் பை, தலையில் தொப்பி. பையிலுள்ள கடிதங்களைத் தின்ன வேண்டுமென்ற ஆசையும், தின்னக்கூடாதென்ற கடமையும் அவனுள் ஓயாமல் மல்லுக்கு நிற்கும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களை அதிகம் சிரிக்கவைத்தது அவன் நடை: இரண்டு எட்டு நேராக வைப்பான், மூன்றாவது எட்டில் இடது கால் சற்றே இழுபடும், பிறகு அதை மறைக்க ஒரு சிறு துள்ளல்.

அந்த நடையை ஓரெஸ்ட் தேடிப் பிடிக்கவில்லை. அவன் தந்தை தனிலோ ஆற்றங்கரைச் சர்க்கரை ஆலையில் மூட்டை சுமந்தவர். கடல் கடந்து குடியேறிய எங்களுக்குப் பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ் சனவரியில் வரும். வீடு வீடாகப் பாடிச்செல்லும் கூட்டத்தில் ஒருவர் ஆட்டு வேடம் கட்டவேண்டும்; தோலாடையை உட்புறம் வெளியாகத் திருப்பி அணிந்து, மரமுகம் மாட்டி, ஆடி, செத்து விழுந்து, பாட்டு ஏறியதும் உயிர்த்தெழவேண்டும். பத்தொன்பது ஆண்டு அந்த ஆடு தனிலோதான். மூட்டை விழுந்து முழங்கால் நசுங்கியபின்னும் அவரே ஆடினார். இழுபடும் காலை ஒரு துள்ளலில் மறைத்தார். நாற்பத்திரண்டாம் ஆண்டு அவர் மெய்யாகவே விழுந்தார். எந்தப் பாட்டுக்கும் எழவில்லை. அடுத்த ஆண்டு மகன் தாளில் ஓர் ஆட்டை நடக்கவிட்டபோது அந்த நடை தானாக வந்து இறங்கியது.

கூடத்து வேலைமுறை பற்றி ஒரு சொல் சொல்லவேண்டும். முதல் கோடுகளை வெளிர்நீலப் பென்சிலால் போடுவார்கள். அச்சுத்தகடாகிய பிளாக் எடுக்கும் கேமராவுக்கு அந்த நீலம் தெரியாது. ஆகையால் அதை அழிக்கும் வேலை மிச்சம். கதாபாத்திரங்களை மையில் முடித்தபின், பேச்சுக்குமிழுக்குள் பேச வேண்டியதை ஓரெஸ்ட் நீலத்தால் எழுதுவான். எழுத்துக்காரர் அதன்மேல் மையால் அழகாக எழுதி முடிப்பார். குமிழுக்குள் உள்ள நீலம் மைக்கு உரியது. வெளியே உள்ள நீலம் எவருக்கும் உரியதன்று. அந்த வெளி ஓரங்களில் கூடத்தார் ஒருவரையொருவர் வைது மகிழ்வது நாள்தோறும் நடக்கும். மரங்களும் மலைகளும் வரையும் மெர்ல் என்பவன் அதில் மன்னன். 'இந்த மரத்தை வரைந்தவன் மரத்தையே பார்த்ததில்லை' என்று ஓரெஸ்ட் ஓரத்தில் எழுதினால், 'பார்த்திருக்கிறேன், முதலாளியின் தலையைப் பார்த்துத்தான் வரைந்தேன்' என்று மறுமொழி வந்து நிற்கும். கேமரா இரண்டையும் காணாது.

எழுத்துக்காரர் ஓட்டகார் என்னும் முதியவர். கடல்கடந்த புர்னோ நகரில் திருமண அழைப்பும் கல்லறைக்கல்லும் செதுக்கியவர். போரிலிருந்து தப்பி வந்தவர். அவர் எழுத்து ஒவ்வொன்றும் கூரையைத் தாங்கும் தூண்போல் நிற்கும். ஆனால் அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. வடிவத்தைப் பார்த்து வடிவத்தை எழுதுவார். பொருளை அவர் கேட்டதில்லை. ஓரெஸ்டும் அவரும் ஒன்றுக்கொன்று நெருங்கிய தத்தம் தாய்மொழிகளைப் பாதிப்பாதி கலந்து பேசிக்கொள்வார்கள். 'பானே' என்பது இரு மொழியிலும் ஐயா. அந்த ஒரு சொல்லின்மேல் அவர்கள் நட்பு நின்றது; ஓரெஸ்டின் பெயரை அவர் எழுத்தில் கண்டதே இல்லை. கடல் கடந்து காத்திருந்த மனைவியை வரவழைக்க அவர் போட்டிருந்த மனு, இவருக்கு வேலை உண்டு என்று ஹாட்ச் ஆண்டுதோறும் எழுதித்தரும் கடிதத்தைப் பற்றிக்கொண்டிருந்தது.

நாற்பத்தாறாம் ஆண்டு நவம்பரில் ஒரு சனிக்கிழமை, புரூக்ளினில் ஒரு பெரிய கடையில், டோபியாசைப் படைத்தவர் பிள்ளைகளைச் சந்திப்பார் என்று விளம்பரம் செய்யப்பட்டது. ஹாட்ச் வலக்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான்.

"கைல என்ன ஆச்சு?" என்றான் ஓரெஸ்ட்.

"ஒண்ணும் ஆகல. அதான் கட்டு," என்று கண்ணடித்தான் ஹாட்ச். "நான் பேசறேன், நீ வரை. புரியுதா?"

மேடையில் இருநூறு பிள்ளைகளுக்கு முன்னால் ஹாட்ச் அவனைக் கைகாட்டினான். "இவரு என் உதவியாளு. நான் சொல்லச் சொல்ல கோடு போடுவாரு. என் கை கதவுல நசுங்கிடுச்சு, பாவம் இல்ல நான்?" பிள்ளைகள் பாவம் என்று கத்தினார்கள். ஓரெஸ்ட் பெரிய தாளில் டோபியாசை வரைந்தான். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, "அவன் ஏன் காலை இழுக்கிறான்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அதற்கு மறுமொழி சொல்லத்தக்கவன் தாளுக்கு முன்னால் நின்றான். அவன் வாய் திறக்குமுன் ஹாட்ச் திறந்துவிட்டான்.

"அதுவா செல்லம்! நான் உன்னை மாதிரி சின்னதா இருக்கறப்போ எங்க பண்ணையில ஒரு ஆடு இருந்துச்சு. அதோட கால்ல ஒரு ஆணி ஏறிடுச்சு. அன்னிலேந்து இப்படித்தான் நடக்கும், பாரு!" என்று கூறி மேடையின் குறுக்கே அந்த நடையை நடந்து காட்டினான். இரண்டு எட்டு, ஓர் இழுப்பு, ஒரு துள்ளல். அரங்கம் அதிர்ந்தது. ஓரெஸ்டின் கையில் இருந்த கரித்துண்டு தூளாகித் தரையில் சிந்தியது. அவன் குனிந்து பொறுக்குவதுபோல் குனிந்தே நின்றான். நிமிர்ந்திருந்தால் அன்றே ஓர் அடிதடி நடந்திருக்கும்.

திரும்பும் ரயிலில் ஹாட்ச் கட்டை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டே, "நல்லா போச்சு, இல்ல? அந்த ஆணி விஷயம் எப்படி? அங்கயே தோணுச்சு," என்றான்.

"அது எங்கப்பா நடை."

"எது?"

"அந்த நொண்டல். அது எங்கப்பா முட்டி. மூட்டை விழுந்த முட்டி."

ஹாட்ச் ஒரு கணம் அவனை உற்றுப்பார்த்தான். "அட, அப்படியா? சொல்லவே இல்லியே," என்றான் மெய்யான வியப்போடு. "ஆனா பாரு தம்பி, பிள்ளைங்களுக்கு ஆணின்னா டக்குனு புரியும். அப்பா முட்டின்னா சிரிப்பு வராது."

பெயரைத் திருடுவோரை உலகம் கண்டிருக்கிறது. பொருளைத் திருடுவோரையும் கண்டிருக்கிறது. இறந்தவரின் காலைத் திருடி, அதில் ஓர் ஆணியையும் அடித்து, சிரிப்பு வருகிறதா என்று அளந்து பார்ப்பவனை எந்தச் சொல்லால் குறிப்பது? எங்கள் கோயிலின் பழம்பாடல்களில் பாவங்களுக்கு நீண்ட வரிசை உண்டு. அதில் இதற்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

திங்கட்கிழமை ஓரெஸ்டின் பலகையில் டோபியாஸ் கதையின் கடைசிப் பக்கம் கிடந்தது. எட்டுக் கட்டம், டோபியாஸ் கரடியிடம் ஒரு கடிதம் கொடுக்கிறான், இருவரும் பேசுகிறார்கள். படங்கள் மையில் முடிந்திருந்தன. குமிழ்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. அவன் நீலப் பென்சிலை எடுத்தான். எழுதவேண்டியது, கடிதத்தின் ஓரத்தைத் தான் தின்றுவிட்டதற்கு ஆடு சாக்குச் சொல்வது. அவன் கை எழுதியது வேறு.

முதற்கட்டத்தில் டோபியாஸ் சொன்னான்: 'நான் ஹாட்ச் பண்ணையில் பிறக்கவில்லை. என் காலில் ஆணி எதுவும் ஏறவில்லை.' கரடி கேட்டது: 'அப்படியானால் எங்கே பிறந்தாய்?' 'கிழக்கு ஏழாம் தெருவில். என்னை வரைந்தவன் ஓரெஸ்ட் பலிவோடா. என் நடை அவன் தந்தை தனிலோவின் நடை.' 'மேலே வேறு பெயர் இருக்கிறதே?' 'அது திருடனின் பெயர். அவனுக்கு என் குளம்பு வரைய வராது. வேண்டுமானால் கட்டை அவிழ்த்து வரையச் சொல்.' எட்டாம் கட்டத்தில் கரடி கடிதத்தை நீட்டி, 'பசிக்கிறதா? இதைத் தின்றுவிடு' என்றது. டோபியாஸ், 'இதைத் தின்னமாட்டேன். இதை எல்லோரும் படிக்கட்டும்' என்றான்.

எழுதியபின் அவன் மூச்சு சற்று அடங்கியது. அழித்துவிட்டு ஒழுங்காக எழுதவேண்டும் என்றுதான் நினைத்தான், அதில் ஐயமில்லை. ஆனால் உடனே அழிக்க மனம் வரவில்லை. ஒரு காபி குடித்துவிட்டு வந்து அழிக்கலாம் என்று தெருவுக்கு இறங்கினான். வசவை ஓரத்தில் எழுதிப் பழகிய கை அன்று குமிழுக்குள் எழுதியிருந்தது என்பதும், அந்த அரை அங்குல எல்லைதான் கூடம் முழுவதற்கும் சட்டம் என்பதும் காபியின் முதல் மடக்கில் அவனுக்கு உறைக்கவில்லை.

திரும்பியபோது பலகை காலியாக இருந்தது.

"மெர்ல், என் பக்கம் எங்க?"

"முதலாளி வாரிட்டுப் போனாரு. பிளாக்குக்காரன் வண்டி சீக்கிரமே வந்துடுச்சாம். கிழவர்கிட்ட குடுத்து, 'சீக்கிரம், சீக்கிரம்'னு தலைமேல நின்னு எழுத வெச்சாரு. ஏன் மூஞ்சி வெளுத்துப் போச்சு உனக்கு? கரடிக்கு மூணு கை போட்டுட்டியா?"

ஓரெஸ்ட் ஓட்டகாரின் மேசைக்கு ஓடினான். முதியவர் பேனா முனையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பானே ஓட்டகார், கடைசிப் பக்கம் எழுதினீங்களா?"

"எழுதினேன், பானே. எட்டுக் கட்டமும். இன்னிக்குக் கை நல்லா ஓடுச்சு," என்றார் முகம் மலர்ந்து. "நீண்ட சொல்லு ஒண்ணு இருந்துச்சு, மூணாவது கட்டத்துல. ரெண்டு சொல்லு. அத கொஞ்சம் பெருசா போட்டேன், அழகா இருந்துச்சு."

அந்த இரண்டு சொல் அவன் பெயர்.

சுவரில் தொலைபேசி இருந்தது. பிளாக் செய்யும் கூடத்துக்குச் சொன்னால் போதும். ஒரு தாளை எடுத்து வைப்பார்கள். அவன் கருவியை எடுத்தான். எண்ணைச் சுழற்றவில்லை. இரண்டு எட்டு, ஓர் இழுப்பு, ஒரு துள்ளல் என்று மேடையில் நடந்துகாட்டிய அந்த உடல் அவன் கண்முன் நின்றது. கருவியை மாட்டினான். பிழையாகத் தொடங்கியது அக்கணமுதல் செயலாயிற்று.

எவரேனும் படித்துத் தடுப்பார்கள் என்று இரண்டு வாரம் காத்திருந்தான். எவரும் படிக்கவில்லை. ஹாட்ச் தன் பெயர் கோணாமல் அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பான். பதிப்பாளர் அட்டையைப் பார்ப்பார். பிள்ளைகள் படிப்பதைப் பெரியவர்கள் படிப்பதில்லை என்ற இறுமாப்பு அத்தொழிலின் மேல்மாடிகளில் அன்று குடியிருந்தது.

பிப்ரவரியில் நூல் கடைகளில் தொங்கியது. ஒரு வாரம் தயங்கியபின் ஓரெஸ்ட் முனைக்கடையில் ஒன்று வாங்கிவந்து, அடுப்படி மேசையில் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்த மனைவி ஸ்டெஃபாவின் முன்னால் விரித்துவைத்தான். அவள் மாவுக்கையோடு குனிந்து படித்தாள். முதலில் கண் விரிந்தது; பிறகு தோள் குலுங்கிற்று.

"ஆத்தாடி! 'கட்டை அவிழ்த்து வரையச் சொல்'லா? நெஜமாவே அச்சாயிடுச்சா இது? மாமா பேரு கூட இருக்கு!" சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் மாவு. பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. விரலை எழுத்தின்மேல் வைத்தாள். "இத மையில எழுதினது யாரு?"

"ஓட்டகார்."

"அவருக்குத்தான் படிக்கத் தெரியாதே."

"தெரியாது."

"நீ சொன்னியா அவர்கிட்ட?"

ஓரெஸ்ட் நூலை மூடப் பார்த்தான்.

"மூணு மாசமா? தெனமும் பக்கத்துல ஒக்காந்து காபி குடிக்கிற மனுஷன்கிட்ட மூணு மாசமா சொல்லல?"

"சொல்ற மாதிரி நேரம் வரல, ஸ்டெஃபா."

"நேரமா!" அவள் உருட்டுக்கட்டையை மேசையில் அடித்தாள். "அந்த ஹாட்ச் உன் கைய எடுத்து அவன் பேருக்கு வேலை வாங்கினான். நீ அந்தக் கெழவர் கைய எடுத்து உன் கோவத்துக்கு வேலை வாங்கிட்ட. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், சொல்லு பாப்போம்."

"வித்தியாசம் இருக்கு!" என்று அவன் கத்தினான்.

"இருந்தா சொல்லேன். நானும் தெரிஞ்சுக்கறேன்."

அவ்வளவு காலம் அவனுக்குத் துணைநின்ற சினம், ஒளிய இடமில்லாத வீட்டில், அவன் முகத்துக்கு நேரே திரும்பி நின்றது.

திங்கட்கிழமை முதல் வேலையாக ஓட்டகாரிடம் சொல்வதென்று உறுதிபூண்டு மாடியேறினான். கூடத்தில் ஹாட்ச் அவனுக்கு முன்பே நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு கட்டுக் கடிதங்கள். பதிப்பாளர் அலுவலகத்துக்கு டோபியாஸ் பெயரிட்டே அவை வந்திருந்தன.

"படிக்கிறேன், எல்லாரும் கேளுங்க," என்றான் ஹாட்ச். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "'அன்புள்ள டோபியாஸ், நீ திருடன்கிட்ட மாட்டிக்கிட்டியா? எங்க வீட்டுல இடம் இருக்கு. அப்பாகிட்ட கேட்டுட்டேன். நீ தின்னறதுக்குப் பழைய கடுதாசி நெறைய இருக்கு.'"

மெர்ல் மைக்குப்பியைக் கவிழ்த்துவிட்டுச் சிரித்தான்.

"சிரிக்காதடா! இதுல என்ன சிரிப்பு? பதிப்பாளர் எனக்குக் காலையில போன் பண்ணி, 'நீ வரையவே மாட்டியாமே'ங்கறாரு!" ஹாட்ச் நூலை ஓட்டகாரின் மேசைமேல் வீசினான். "யோவ், யாரு உன்ன இத எழுதச் சொன்னது?"

முதியவர் எழுந்து நின்றார். சொற்கள் அவருக்குப் புரியவில்லை, குரல் புரிந்தது. பக்கத்தைப் பார்த்தார். எழுத்துகள் நேராகவே இருந்தன. "நீலம்... இருந்தது. நீலம், நான் மை," என்றார் தமக்குத் தெரிந்த சில சொல்லால். "தப்பா? மன்னிக்கணும். நாளைக்கு... சரி செய்வேன்."

"நாளைக்கா! உனக்கு நாளைக்கே இல்ல!"

ஓரெஸ்ட் முன்னால் அடி வைத்தான். ஹாட்ச் அவன் தோளைப் பற்றித் தன் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான்.

"நீதான்னு எனக்குத் தெரியும். மூலத்தாளு இருந்தா அதுல உன் நீல எழுத்தைக் காட்டி நிரூபிச்சிருப்பேன், மழைக்கு எவனோ தரையில விரிச்சு மிதிச்சுக் கிழிச்சாச்சு," என்றான். "இப்போ பதிப்பாளருக்கு ஒரு கழுத்து வேணும். உன் கழுத்த குடுத்தா ஆடு செத்துடும், நான் அவ்வளவு முட்டாள் இல்ல. கெழவன் கழுத்துன்னா யாருக்கும் ஒண்ணும் போகல."

"அவரு பொண்டாட்டி வரணும். நீங்க கடுதாசி குடுத்தாதான் வர முடியும்."

"என் பொண்டாட்டியா? உன் பொண்டாட்டியா? விடு." அவன் தட்டச்சிட்ட தாள் ஒன்றை நகர்த்தினான். எழுத்துக்காரர் எவர் சொல்லும் இன்றித் தம் விருப்பப்படி சொற்களை மாற்றினார் என்று அதில் இருந்தது. "இதுல கையெழுத்துப் போடு. போட்டா, இதோ."

இழுப்பறையிலிருந்து நீண்ட தாள்பட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தான். அடுத்த இதழுக்கான தலைப்பு. டோபியாஸ் ஆடு, கீழே வின் ஹாட்ச், அதற்கு நிகரான அளவில், நிகரான கருமையில், 'சித்திரம்: ஓரெஸ்ட் பலிவோடா.'

நான்கு ஆண்டு அவன் கனவில் கண்டது அது. தூணும் வளைவும் பிழையற்று, ஒவ்வோர் எழுத்தும் தன் இடத்தில் நிமிர்ந்து நின்றது. அவன் கண் அதை விட்டு அகலவில்லை.

"இத எழுதினது யாரு?" என்றான் மெல்ல.

"வேற யாரு? அவன்தான். காலைல வந்ததும் எழுத வெச்சேன். வெளிய அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு வேலை வாங்கிக்கலாமேன்னு."

ஒருவனைக் கொல்லக் கொண்டுசெல்லும் வழியில் அவனிடமே கயிறு திரிக்கச் சொல்லும் மனம் அது. ஓரெஸ்டின் காதுமடல் சுட்டது. மேசைமேல் இருந்த மைக்குப்பி அவன் கை பட்டு அதிர்ந்தது.

"கேட்டுக்கோ ஹாட்ச்," என்றான். அவன் குரல் கதவுக்கு வெளியே மெர்லுக்கும் கேட்டது. "எங்கப்பா கால்ல ஆணி அடிச்ச. சும்மா இருந்தேன். என் பேர முழுங்கின. சும்மா இருந்தேன். இப்போ அவரு கையாலயே அவரு கழுத்துக்குக் கத்தி தீட்டி, அத எனக்குப் பரிசுன்னு நீட்டறியா? என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உனக்கு? உன்ன மாதிரியா?"

"கோவப்படாத தம்பி. யோசிச்சுப் பாரு, இந்த மாதிரி ஒரு வாய்ப்பு..."

"தம்பின்னு சொன்னே, பல்லு இருக்காது."

அவன் தாள்பட்டையைப் புரட்டினான். பின்புறம் வெறுமையாக இருந்தது. ஹாட்சின் பேனாவையே எடுத்து, நீலத்தில் எழுதாமல் கறுப்பு மையில் எழுதினான்: 'டோபியாஸ் கதையின் கடைசிப் பக்கச் சொற்கள் என்னுடையவை. எழுத்துக்காரருக்கு அவற்றின் பொருள் தெரியாது. நான் அவரிடம் சொல்லவில்லை. தடுக்க நேரம் இருந்தும் தடுக்கவில்லை. அவருக்குச் செய்தது என் குற்றம். சொற்கள் அனைத்தும் உண்மை.' கையெழுத்திட்டான். அதோடு நில்லாமல், ஹாட்ச் அதை மறைத்துவிடக்கூடும் என்று, அந்த மேசையிலிருந்தே பதிப்பாளருக்குத் தொலைபேசியில் ஒவ்வொரு வரியாகப் படித்தும் காட்டினான். ஹாட்ச் கருவியைப் பறிக்க இருமுறை முயன்றான். இருமுறையும் ஓரெஸ்டின் முழங்கை நடுவே நின்றது.

பிறகு வெளியே வந்து ஓட்டகாரின் முன் நின்றான். நூலைத் திறந்து, எட்டுக் கட்டத்தையும் ஒவ்வொன்றாக இருமொழி கலந்த அந்தப் பேச்சில் பெயர்த்துச் சொன்னான். முதியவர் முடியும்வரை கேட்டார். முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"முப்பது வருஷம் கல்லறைக்கல்லு செதுக்கினேன், பானே," என்றார். "ஒரு தேதி தப்பா போட்டதில்ல. யாரு பேருன்னு கேக்காம உளிய எடுத்ததில்ல. இந்த ஊருக்கு வந்துதான் கேக்காம எழுதறேன். ஏன்? நீ குடுக்கறேன்னு. நீ குடுத்தா சரியா இருக்கும்னு."

"தப்புதான், பானே. நான்..."

"அந்த ஆளு என்னைத் திட்டறான், எனக்குப் புரியல. நீ பக்கத்துல நிக்கற, உனக்குப் புரியுது. எம்மேல எதுக்குக் கோவம் உனக்கு? நான் உன்ன என்ன பண்ணேன்?"

"உங்கமேல இல்ல."

"எம்மேலதானே விழுந்துச்சு!" அவர் பேனாவை மேசையில் குத்தினார், முனை வளைந்தது. அதன்பின் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு அமர்ந்தார். ஓரெஸ்ட் தன் தூரிகைகளைச் சுருட்டிக்கொண்டு மாடியிறங்கும் மட்டும் அவர் திரும்பவில்லை.

பதிப்பாளர் ஓட்டகாரை நீக்க ஒப்பவில்லை. அந்த எழுத்துக்கு ஈடான எழுத்து அவருக்கு நகரில் கிடைக்காது. ஹாட்ச் பல்லைக் கடித்துக்கொண்டு ஆண்டுக் கடிதத்தை எழுதித்தந்தான். அடுத்த ஆண்டு முதியவரின் மனைவி கப்பலில் வந்து இறங்கினார். அச்செய்தியை மெர்ல்தான் ஏழாம் தெருவுக்குக் கொண்டுவந்தான். ஓட்டகார் வரவில்லை. ஓரெஸ்ட் மூன்று முறை கடிதம் எழுதினான். மூன்றுக்கும் மறுமொழி இல்லை. மன்னிப்பைக் கேட்பது ஒருவன் கடமை. கொடுப்பது மற்றவர் உரிமை. அந்த முதியவரின் உரிமையில் குறைகாண எவருக்கும் இடமில்லை, ஓரெஸ்டும் காணவில்லை.

டோபியாஸ் வேறொருவன் கையில் இரண்டாண்டு நடந்து ஓய்ந்தான். ஓரெஸ்ட் வேறு கூடங்களில் அகழெலியும் வாத்தும் வரைந்தான், எங்கும் பெயரில்லை. புதிய எழுத்துக்காரர் எவரேனும் வந்தால் முதல் நாளே அருகில் அமர்ந்து, பக்கத்தில் உள்ளதை வாய்விட்டுப் படித்துச் சொல்லிவிட்டே தாளைக் கொடுப்பான். "எனக்குப் படிக்கத் தெரியும்பா," என்று அவர்கள் எரிந்துவிழுவார்கள். "தெரியட்டும், இருந்தாலும் கேளு," என்பான். வயது ஏறியும் அவன் சினம் ஆறவில்லை. ஹாட்ச் பெயரை எவரேனும் மரியாதையோடு சொன்னால் அவன் நாற்காலி பின்னால் சரியும்.

இன்றும் பழைய நூல்களைச் சேர்ப்போர், அந்தக் கடைசிப் பக்கத்தைக் கூடத்துக் கேலியென்று தள்ளிவிட்டு, டோபியாசின் முதல் முப்பத்தொரு கதைகளை வின் ஹாட்சின் இளமைக்கால ஆக்கங்கள் என்று பட்டியலிட்டு, அந்த நடையின் நயத்தை வியந்து எழுதுகிறார்கள். வியப்பவர்கள் வியக்கட்டும். அந்த முப்பத்தொன்றையும் வரைந்தவன் ஓரெஸ்ட் பலிவோடா. கொடுக்கப்பட்ட பெயரைப் புரட்டிப்போட்டு, அதன் முதுகில் உண்மையை எழுதிக் கொடுத்தவன். அவன் மனையில் அடுப்பு குளிராதிருக்க. ஸ்டெஃபாவின் நா நேராகவே பேசுக. அவர்தம் மக்களும் மக்களின் மக்களும் தம் கைவினையைத் தம் பெயரால் அழைக்கும் நாளை இறைவன் அருள்க. அவ்வில்லத்தின் சினம் அறம் பிறழாதிருக்க, அறம் உள்ளளவும் அவ்வில்லம் வாழ்க.